வெப்பநிலை மாறினால் அயனிக் கால்வாய் என்ன செய்யும்? கணக்கிட்டுப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

செல்லின் சவ்வில் புதைந்து, சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளுக்கு வழிவிடும் புரதத் துளைகளே அயனிக் கால்வாய்கள். அவற்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் "அளவீடுகள் அறை வெப்பநிலையில் எடுக்கப்பட்டன" என்ற வரி அடிக்கடி வரும். அந்த அறை பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும். அதன் வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ். சேலத்தில் மே மாதப் பிற்பகலில், மின்விசிறி மட்டும் சுழலும் ஒரு கல்லூரி ஆய்வகம் 34, 35 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். அதே நாளில் ஏற்காட்டில் ஓர் அறை அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். மூன்றும் அறை வெப்பநிலைதான். ஆனால் ஒரே கால்வாய் மூன்று அறைகளிலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையை எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

விலங்கியல், உயிர்வேதியியல், இயற்பியல் படிக்கும் மாணவர்களையும் அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளி வேதியியல் நினைவில் இருந்தால் போதும். "சூடானால் வேகம், குளிர்ந்தால் மந்தம்" என்று இந்தப் பாடத்தை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது போதாது. அயனியைத் தள்ளும் விசை, கால்வாயின் துளை, அதைத் திறந்து மூடும் கதவான வாயில், அதைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம், அயனிகளைத் திருப்பி ஏற்றும் பம்பு ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் வெப்பத்துக்கு அசைந்து கொடுக்கின்றன. குளிரில் விரல் மரத்துப்போவதும், வெயிலில் சிலருக்குப் பார்வை மங்குவதும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

கணக்குப் போட இரண்டு வெப்பநிலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஏற்காட்டின் டிசம்பர் விடியற்காலை: 13 டிகிரி. மற்றொன்று, சேலத்தின் கோடை நண்பகல்: 38 டிகிரி. இடையே இருப்பவை 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமும் சில மாதங்களும்.

ஒரு எச்சரிக்கை. மனித உடலின் உள்வெப்பநிலை இரண்டு இடங்களிலும் 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். உங்கள் மூளையிலும் இதயத்திலும் உள்ள கால்வாய்களுக்கு ஏற்காடு ஏறியது தெரியாது. தெரிவது விரல் நுனிக்கும் காதுமடலுக்கும் மூக்குக்கும். தவளை, ஓணான், மீன், பூச்சி, செடி ஆகியவற்றுக்கோ உடல் முழுவதும் தெரியும். கீழே வரும் 13, 38 கணக்குகள் அவற்றின் செல்களுக்கே நேரடியாகப் பொருந்தும்.

முதல் படி: கெல்வினுக்கு மாற்றுங்கள்

செல்சியஸ் அளவில் 13-க்கும் 38-க்கும் இடையே மூன்று மடங்கு வேறுபாடு இருப்பதுபோல் தோன்றும். மூலக்கூறுகள் செல்சியஸை அறியாது. 273 கூட்டினால் 286 கெல்வின், 311 கெல்வின். வேறுபாடு 9 சதவீதத்துக்கும் குறைவு. மூலக்கூறுகளின் சராசரி வெப்ப ஆற்றல் அவ்வளவுதான் கூடுகிறது. இந்த 9 சதவீதத்தைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் விளைவும் 9 சதவீதமாகவே நிற்கும். சில இடங்களில் பதினைந்து மடங்காகப் பெருகும்.

இரண்டாம் படி: தள்ளும் விசையைக் கணக்கிடுங்கள்

சவ்வின் இரு பக்கமும் ஓர் அயனியின் செறிவு வேறுபட்டால், அதைச் சமன்செய்யும் மின்னழுத்தத்தை நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருகிறது. ஒற்றை நேர்மின் சுமை கொண்ட அயனிக்கு அதை இப்படி எழுதலாம்:

சமநிலை மின்னழுத்தம் = (வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை ÷ ஃபாரடே மாறிலி) × இயல் மடக்கை (வெளிச்செறிவு ÷ உட்செறிவு)

வாயு மாறிலி 8.314, ஃபாரடே மாறிலி 96,485. அடைப்புக்குள் இருக்கும் முதல் பகுதி 13 டிகிரியில் 24.7 மில்லிவோல்ட், 38 டிகிரியில் 26.8 மில்லிவோல்ட். பொட்டாசியம் வெளியே 4, உள்ளே 140 மில்லிமோலார் என்று கொள்ளுங்கள். விடை ஏற்காட்டு விடியலில் மைனஸ் 87.7 மில்லிவோல்ட், சேலத்து நண்பகலில் மைனஸ் 95.3 மில்லிவோல்ட்.

25 டிகிரி மாறியும் எட்டு மில்லிவோல்ட்கூட நகரவில்லை. இங்கே வெப்பநிலை நேர்விகிதத்தில் மட்டுமே வருகிறது. அதனால் விளைவும் அதே 9 சதவீதம். இது மிகச் சிறியது என்று ஒதுக்கவும் வேண்டாம். மின்னழுத்தத்துக்குத் திறக்கும் கால்வாய்களுக்குச் சில மில்லிவோல்ட் கூடப் பெரிய விஷயம். ஆனால் வெப்பநிலையின் முழு விளைவையும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலேயே தேடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது இங்கே இல்லை.

மூன்றாம் படி: துளையைப் பாருங்கள்

திறந்திருக்கும் ஒரு கால்வாய் வழியாக நொடிக்கு ஒரு கோடி அயனிகள்வரை ஓடும். வாயில் திறந்தபின் அயனிக்கு இருக்கும் தடை, தண்ணீரில் நகர்வதற்கு உள்ள தடையைப் போன்றதுதான். ஆகவே தண்ணீரின் பாகுநிலையைப் பார்த்தால் விடையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். 13 டிகிரியில் அது சுமார் 1.2 மில்லிபாஸ்கல்-நொடி, 38 டிகிரியில் சுமார் 0.68. கிட்டத்தட்டப் பாதி.

இந்த இடத்தில் ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது ஒரு வேகம் எத்தனை மடங்காகிறது என்பதைக் கியூ10 என்கிறோம். திறந்த துளையின் மின்கடத்துத்திறனுக்குக் கியூ10 பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை. 25 டிகிரிக்கு என்ன ஆகும்? 1.4 என்று கொண்டால், 1.4-ஐ 2.5 அடுக்குக்கு உயர்த்துங்கள்: 2.3 மடங்கு. ஏற்காட்டு விடியலில் ஒரு துளை வழியே ஓடும் மின்னோட்டம் சேலத்து நண்பகலில் இரு மடங்குக்குச் சற்று மேல்.

நான்காம் படி: வாயிலுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்

ஒரு பெரிய புரதம் தன் வடிவத்தை மாற்றினால்தான் கால்வாய் திறக்கும். பல அமைப்புகள் ஒன்றையொன்று உரசி நகர வேண்டும், சில பிணைப்புகள் விட்டுப் புதியவை உருவாக வேண்டும். இடையில் ஓர் ஆற்றல் மேடு நிற்கிறது. வேதியியலில் நாம் படித்த கிளர்வு ஆற்றல் அதுவே. மேட்டைத் தாண்டும் மூலக்கூறுகளின் பங்கு வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் கூடுகிறது. சராசரி ஆற்றல் 9 சதவீதம் உயர்ந்தாலும், மேட்டைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் பெற்ற சிறுபான்மை பல மடங்காகிவிடுகிறது.

அறை வெப்பநிலையை ஒட்டி, கிளர்வு ஆற்றல் மோலுக்கு 20 கிலோஜூல் என்றால் கியூ10 சுமார் 1.3. 50 கிலோஜூல் என்றால் சுமார் 2. 80 கிலோஜூல் என்றால் சுமார் 3. துளையின் எண் முதல் வகையில் விழுகிறது. பெரும்பாலான வாயில்களின் எண் இரண்டாம், மூன்றாம் வகைகளில் விழுகிறது. கியூ10 மூன்றாக இருக்கும் ஒரு வாயில் 13 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குப் போனால் 15.6 மடங்கு வேகமாகத் திறக்கும்.

இப்போது மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே 25 டிகிரிக்குத் தள்ளும் விசை 9 சதவீதம், துளை 2.3 மடங்கு, வாயில் 15 மடங்குக்கு மேல். இந்த மூன்று எண்களை ஒரு மாணவர் தானே கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் அதன்பின் "சூடானால் வேகம்" என்று மொட்டையாகச் சொல்லமாட்டார். எதன் வேகம் என்று கேட்பார்.

1952-இல் உடலியங்கியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழைக்கு எழுதிய சமன்பாடுகள் 6.3 டிகிரிக்கு உரியவை. வேறு வெப்பநிலைக்கு மாற்ற, வாயில்களின் எல்லா வேக மாறிலிகளையும் அவர்கள் ஒரே காரணியால் பெருக்கினார்கள்: 3-இன் அடுக்காக (வெப்பநிலை கழித்தல் 6.3) வகுத்தல் 10. 16.3 டிகிரியில் அந்தக் காரணி 3, 26.3 டிகிரியில் 9. இப்போதும் கணினியில் நரம்பு மாதிரிகளை ஓட்டும் பெரும்பாலோர் இந்தக் காரணியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நியூரான் என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையின் தொடக்க மதிப்பே 6.3 டிகிரிதான். மனித நரம்பு என்று நினைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் ஓட்டப்படும் மாணவர் திட்டங்கள் உண்டு. 37 என்று மாற்றினாலும் சிக்கல் தீராது: காரணி 29 ஆகிவிடும், கணவாய்ச் சமன்பாட்டில் சரியான நரம்புத் துடிப்பே எழாது. ஏன் எழாது என்பதுதான் அடுத்த படி.

ஐந்தாம் படி: பந்தயத்தில் யார் முந்துகிறார் என்று பாருங்கள்

நரம்பில் செய்தியைச் சுமந்து ஓடும் மின்னலையான செயல்நிலை மின்னழுத்தத்தை இனி துடிப்பு என்றே சொல்கிறேன். அதில் மூன்று வாயில் அசைவுகள் உள்ளன. சோடியம் கால்வாய் திறக்கிறது. சற்றுப் பின் அதே கால்வாய் செயலிழந்து அடைபடுகிறது. பொட்டாசியம் கால்வாய் மெதுவாகத் திறக்கிறது. நான்காவதாக, வாயிலே இல்லாத ஒன்றும் பந்தயத்தில் இருக்கிறது: சவ்வின் மின்தேக்குத்திறன், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஃபாரட். சோடியம் உள்ளே பாய்ந்து இந்த மின்தேக்கியை நிரப்பினால்தான் மின்னழுத்தம் ஏறும்.

வெப்பநிலை உயரும்போது மூன்று வாயில்களும் பல மடங்கு வேகமாகின்றன. மின்தேக்குத்திறனோ டிகிரிக்கு ஒரு சதவீதம்கூட மாறுவதில்லை. துளையின் ஓட்டம் மிதமாகத்தான் கூடுகிறது. அதனால் சூட்டில் சோடியம் வாயில் திறந்ததும் மூடிவிடுகிறது. பொட்டாசியமும் உடனே வந்துவிடுகிறது. குடம் நிரம்புவதற்குள் குழாய் நின்றுபோவது போன்ற நிலை. துடிப்பின் அகலம் வெகுவாகச் சுருங்குகிறது, உயரமும் குறைகிறது. ஓர் எல்லைக்கு மேல் துடிப்பு அடுத்த இடத்தைத் தூண்டும் வலுவை இழந்து நின்றுவிடுகிறது. இதற்கு வெப்பத் தடை என்று பெயர். 1949-இல் ஹாட்ஜ்கினும் கட்ஸும் கணவாய் நரம்பிழையில் இதைத்தான் கண்டார்கள்: மிதமான சூட்டில் துடிப்பு வேகமாக எழுந்து வேகமாக அடங்கியது, 40 டிகிரியை நெருங்கும்போது நின்றுபோனது, குளிர்வித்ததும் மீண்டது. நரம்பு சேதமடையவில்லை, பந்தயத்தில் அடைப்பு முந்திக்கொண்டது, அவ்வளவே.

நம் நரம்பிழைகளில் பலவற்றுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை இருப்பதால் மின்னோட்டத்துக்குப் போதிய கையிருப்பு உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அந்த உறை சிதைகிறது, கையிருப்பு கரைகிறது. அப்படிப்பட்டவருக்கு உடல் வெப்பம் அரை டிகிரி, ஒரு டிகிரி ஏறினாலே துடிப்பு நின்றுவிடலாம். வெந்நீர்க் குளியலிலோ, உடற்பயிற்சியிலோ, வெயிலிலோ பார்வை மங்கும், கால் தளரும். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் இதைப் பதிவு செய்தார். சேலம் போன்ற ஊரில் இந்த நோயோடு வாழ்பவருக்கு மே மாதம் கூடுதல் சுமையாகிறது. நோய் முற்றிவிட்டதோ என்று அவரும் குடும்பமும் கலங்கும்போது, இந்தக் கால்வாய்க் கணக்கைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்கினால் பெரிய ஆறுதல் கிடைக்கும். மருத்துவரைப் பார்ப்பது எப்படியும் தேவை.

குளிரில் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. துடிப்பு அகன்றுபோகிறது, பரவும் வேகம் குறைகிறது. மனிதக் கைகால் நரம்புகளில் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். நரம்பு வேகப் பரிசோதனைக்குக் கையின் தோல் 32 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி, குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் காத்திருந்த ஒருவரின் விரல் 27 டிகிரியில் இருந்தால், நலமான நரம்பும் நோயுற்றதுபோல் எண் காட்டும். பரிசோதனைக்குப் போகும்போது கை சில்லென்று இருந்தால் சூடேற்றச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

இன்னும் ஒன்று. விடியற்குளிரில் விரல் மரத்து, சட்டைப் பொத்தானைக்கூட உணர முடியாத நேரத்திலும் வலி மட்டும் தெரிகிறதே, ஏன்? பெரும்பாலான சோடியம் கால்வாய்கள் குளிரில் மெதுவாகச் செயலிழந்து, மீளாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. வலி நரம்புகளில் இருக்கும் என்ஏவி 1.8 என்ற சோடியம் கால்வாய் அப்படிச் செயலிழப்பதில்லை. 2007-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உறைநிலையை நெருங்கும்போதும் உடலுக்கு ஆபத்தைச் சொல்ல ஒரு வழி திறந்தே இருக்க வேண்டும் என்பதுபோல் இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. படித்தபோது எனக்கு மிகுந்த வியப்பைத் தந்த செய்தி இது.

ஆறாம் படி: வேகத்தையும் பங்கையும் பிரித்துப் பாருங்கள்

இதுவரை வாயில் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று பார்த்தோம். எத்தனை கால்வாய்கள் திறந்த நிலையில் இருக்கின்றன என்பது தனிக் கேள்வி. திறக்கும் வேகமும் மூடும் வேகமும் ஒரே மடங்கில் கூடினால், திறந்திருப்பவற்றின் பங்கு மாறாது. சாதாரணக் கால்வாய்களில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

வெப்பத்தை உணர்வதற்கென்றே அமைந்த கால்வாய்களில் அப்படியில்லை. திறத்தலுக்கு மிகப் பெரிய என்தால்பி மாற்றம் தேவைப்படுகிறது. அதை ஈடுசெய்யும் அளவுக்கு என்ட்ரோபியும் கூடுகிறது. இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சமன்செய்வதால், சில டிகிரி மாற்றம் தராசைச் சாய்த்துவிடுகிறது. ஒரு மாதிரிக் கால்வாயை எடுத்துக் கணக்கிடுவோம். என்தால்பி மாற்றம் மோலுக்கு 300 கிலோஜூல். 43 டிகிரியில் பாதிக் கால்வாய்கள் திறந்திருக்கும் என்று கொள்வோம். அப்படியானால் 33 டிகிரியில் திறந்திருப்பவை 2 சதவீதத்தை ஒட்டி. 38 டிகிரியில் 14 சதவீதம். 48 டிகிரியில் 85 சதவீதம். பதினைந்து டிகிரிக்குள் மூடியதிலிருந்து ஏறத்தாழ முழுமையாகத் திறந்ததுவரை. கியூ10 கணக்கில் இது 40-ஐத் தாண்டும்.

டிஆர்பிவி1 இத்தகைய கால்வாய். 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் இதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தது. சுமார் 43 டிகிரிக்கு மேல் இது திறக்கும். மிளகாயின் கேப்சைசினுக்கும் திறக்கும். குளிரை உணரும் டிஆர்பிஎம்8 சுமார் 26 டிகிரிக்குக் கீழே திறக்கத் தொடங்கும். புதினா எண்ணெயின் மென்தாலுக்கும் திறக்கும். 2002-இல் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. வெப்ப உணர்வோடு, தொடுதலை உணரும் கால்வாய்களைக் கண்டறிந்ததும் அந்தப் பரிசுக்குக் காரணம்.

சேலத்துத் தட்டுவடை செட் இந்தப் பாடத்துக்கு நல்ல சோதனைச் சாலை. காரச் சட்னி வாயில் இருக்கும்போது சாதாரணச் சூட்டில் உள்ள தேநீரைக் குடித்தால் நாக்கு பொசுங்குவதுபோல் இருக்கும். கேப்சைசின் டிஆர்பிவி1-இன் திறப்பு எல்லையைக் கீழே இறக்கிவிடுகிறது. வாயின் 37 டிகிரியே அதற்குப் போதுமான சூடாகிவிடுகிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகுக் கொடியின் பிப்பரினும் இதே கால்வாயைத் திறக்கும். மலையில் விற்கும் நீலகிரித் தைலத்தின் சினியோல் டிஆர்பிஎம்8-ஐத் திறப்பதால் தடவிய இடம் குளிர்கிறது. தோலின் வெப்பநிலை அங்கே மாறவில்லை, கால்வாய்தான் திறந்திருக்கிறது. நம் சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கும் இந்தப் பொருள்களை முதலில் வைத்துவிட்டு, சமன்பாட்டைப் பின்னால் எழுதினால் வகுப்பில் ஒருவரும் தூங்கமாட்டார்கள்.

ஏழாம் படி: சுற்றியுள்ள படலத்தை மறக்காதீர்கள்

கால்வாய் வெறும் தண்ணீரில் மிதப்பதில்லை. கொழுப்புப் படலத்தில் புதைந்திருக்கிறது. தூய பாஸ்போலிப்பிட் படலங்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இறுகிய நிலையிலிருந்து நெகிழ்ந்த நிலைக்கு மாறும். 16 கார்பன் சங்கிலிகள் இரண்டு கொண்ட டிபிபிசி 41 டிகிரியில் மாறும். 14 கார்பன் கொண்ட டிஎம்பிசி சுமார் 24 டிகிரியில். உண்மையான செல் சவ்வில் பலவகைக் கொழுப்புகளும் கொலஸ்டிராலும் கலந்திருப்பதால் அந்த மாற்றம் கூர்மையாகத் தெரியாது. ஆனாலும் படலம் இறுகும்போது வாயிலின் அசைவுக்குத் தடை கூடும்.

உயிரினங்கள் இதற்கு மறுமொழி தருகின்றன. குளிரில் பல நாள்கள் வாழும் மீனோ பாக்டீரியாவோ தன் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டி நெகிழ்ச்சியைக் காத்துக்கொள்கிறது. ஆகவே, மேட்டூர் நீர்த்தேக்கத்து மீனையும் ஏற்காடு ஏரி மீனையும் ஒரே வெப்பநிலையில் வைத்து அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெப்பநிலையை இன்று மாற்றினால் வருவது உடனடி விளைவு. வாரக்கணக்கில் பழகியபின் வருவது வேறு. எதை அளக்கிறோம் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பம்பைப் பற்றிச் சுருக்கமாக. சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒரு சுற்றில் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. குளிரில் கசிவு சற்றே குறைகிறது. பம்பு மிகவும் மந்தமாகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரியில் வைக்கப்படும் சிவப்பணுப் பையில் வெளிப் பொட்டாசியம் நாளுக்கு நாள் ஏறுவது இதனால்தான்.

எட்டாம் படி: தொட்டாற்சுருங்கியை வைத்துக் கியூ10 அளவிடுங்கள்

ஒரு கால்வாயின் மின்னோட்டத்தை நேராக அளக்க நேஹரும் சக்மானும் 1976-இல் வெளியிட்ட பேட்ச் கிளாம்ப் முறை வேண்டும். கருவி விலை அதிகம். தவளையைப் பிடித்து நரம்பை எடுக்கும் பழைய செய்முறைக்கு இன்று தேவையில்லை, அதை நான் ஆதரிக்கவும் மாட்டேன். சாலையோரத்தில் கிடைக்கும் தொட்டாற்சுருங்கி போதும். இலையைத் தொட்டதும் மின்துடிப்பு ஒன்று இலைக்காம்பு வழியே ஓடுகிறது. இலையடி முடிச்சிலுள்ள செல்களிலிருந்து குளோரைடும் பொட்டாசியமும் கால்வாய்கள் வழியே வெளியேற, தண்ணீரும் பின்தொடர்கிறது, இலை மடிகிறது. ஜகதீச சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தானே வடிவமைத்த கருவிகளால் இந்தச் செடியில் தூண்டல் பரவும் வேகத்தை அளந்தார். வெப்பநிலை உயர்ந்தால் வேகம் கூடுவதையும் காட்டினார். நம் நாட்டில் நூறாண்டுக்கு முன்பே நடந்த இந்தப் பணியை இன்றைய மாணவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தொட்டியில் வளர்த்த, நன்றாக வேர்பிடித்த செடியை எடுத்துக்கொள்ளுங்கள். செடி நுழையும் அளவுக்குத் தெர்மகோல் பெட்டி ஒன்று, முன்பக்கம் ஒளி புகும் பிளாஸ்டிக் தாள். பனிக்கட்டி நிரப்பிய புட்டிகளையோ வெந்நீர்ப் புட்டிகளையோ உள்ளே வைத்து வெப்பநிலையை மாற்றுங்கள். வெப்பமானியின் குமிழ் இலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் மூலையில் வைத்தால் எண் பொய் சொல்லும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அரைமணி நேரமாவது செடி பழகட்டும்.

ஒரு சிற்றிலைக் கிளையின் நுனி இணையை மெல்லிய தூரிகையால் தொடுங்கள். மடிப்பு அடியை நோக்கி இணை இணையாக ஓடும். கைபேசியின் மெதுவியக்கக் காணொளியில் பதிவு செய்து, எத்தனையாவது படச் சட்டத்தில் (ஃபிரேமில்) எந்த இணை மடிந்தது என்று எண்ணுங்கள். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம். ஒரே இலையை மீண்டும் தொடுவதற்குமுன் அது முழுமையாக விரிந்து, மேலும் சற்று நேரம் ஓய்வெடுக்க வேண்டும். 20 முதல் 35 டிகிரிக்குள் நான்கைந்து வெப்பநிலைகள் போதும். கடுங்குளிரில் செடி மறுமொழி தராமல் போகலாம்.

இரண்டு வெப்பநிலைகளின் இடைவெளி சரியாகப் 10 டிகிரியாக அமையாது. அதற்கான வாய்பாடு: வேக விகிதத்தை எடுத்து, 10 வகுத்தல் வெப்பநிலை வேறுபாடு என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். 22 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்கு வேகம் 2.4 மடங்கானதாக வைத்துக்கொள்வோம். 2.4-இன் அடுக்கு 10 வகுத்தல் 12, விடை 2.07. முதலில் சூடான பக்கமிருந்து குளிருக்கும், மறுநாள் குளிரிலிருந்து சூட்டுக்கும் போங்கள். இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் நம்பலாம். வராவிட்டால் செடி களைத்திருக்கிறது.

சேலத்தில் ஒருமுறையும் ஏற்காட்டில் ஒருமுறையும் அளந்து ஒப்பிடலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆசை நல்லது. ஆனால் மலையில் ஈரப்பதம் வேறு, ஒளி வேறு, பஸ்ஸில் குலுங்கி வந்த செடியின் நிலையும் வேறு. வெப்பநிலையை மட்டும் தனியே மாற்ற ஒரே இடத்துப் பெட்டியே சிறந்தது. மலைப் பயணத்தை வேறொரு கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மாதம் ஏற்காட்டிலேயே வளர்ந்த செடியும் சேலத்தில் வளர்ந்த செடியும் ஒரே 25 டிகிரியில் ஒரே வேகம் காட்டுகின்றனவா?

கிடைக்கும் எண் ஒரு தனிக் கால்வாயின் கியூ10 அல்ல. கால்வாய்கள், செல்களுக்கு இடையிலான மின்னோட்டம், தண்ணீர் நகர்வு எல்லாம் சேர்ந்த ஒரு தொடரின் எண். தொடரில் எது மிக மந்தமோ அதன் கியூ10 மேலோங்கித் தெரியும். விடை 1.3-ஐ ஒட்டி வந்தால் விரவல் போன்ற எளிய நகர்வு கட்டுப்படுத்துகிறது என்று ஐயப்படலாம். 2-க்கு மேல் வந்தால் புரதத்தின் வடிவ மாற்றம் ஏதோ ஓரிடத்தில் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று கொள்ளலாம்.

பேட்ச் கிளாம்ப் ஆய்வகத்தில் சேரப் போகிறவர்களுக்கு மூன்று குறிப்புகள். வெப்ப உணரியைச் செல்லிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கரைசல் குழாயில் காட்டும் எண்ணுக்கும் செல்லின் அருகே உள்ள எண்ணுக்கும் பல டிகிரி வேறுபடலாம். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்வாயின் மின்னழுத்தமும் வெப்பநிலையோடு நகரும். ஆகவே வெப்பநிலையை மாற்றியபின் பூச்சியத்தைச் சரிபார்க்காமல் கால்வாயின் மேல் பழி போடாதீர்கள். 22 டிகிரியில் அளந்ததை 37 டிகிரிக்கு மாற்றும்போது, அந்தக் கால்வாயின் அந்த வாயிலுக்கு உரிய கியூ10-ஐப் பயன்படுத்துங்கள். திறப்புக்கு ஒன்று, அடைப்புக்கு ஒன்று, துளைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் 3 என்று போட்டால் ஐந்தாம் படியில் பார்த்த பந்தயத்தின் முடிவே மாறிப்போகும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதிக்குப் பக்கத்தில் டிகிரியை எழுதிவையுங்கள்.